வியன்னா நடன விருந்துகளுக்குச் சென்னையிலிருந்து 14 பேர்: எதைத் தேர்ந்தெடுப்பது, என்ன பயிற்சி, என்ன உடுப்பு?

திஸ்ரநடை_தரமணி

வணக்கம். எங்கள் பால்ரூம் வகுப்பிலிருந்து 14 பேர் 2027 சீசனுக்கு வியன்னா போவதாக முடிவாகியிருக்கிறது. 9 பெண்கள், 5 ஆண்கள், வயது 26 முதல் 61 வரை. ஸ்லோ வால்ட்ஸ், ஜைவ், சா-சா எல்லோருக்கும் வரும். வியன்னீஸ் வால்ட்ஸ் மூச்சு வாங்காமல் ஆடக்கூடியவர்கள் நாலு பேர்தான். நால்வர் சுத்த சைவம். ஏஜென்ட் பேக்கேஜ் வேண்டாம், நாங்களே ஏற்பாடு செய்துகொள்ள நினைக்கிறோம்.

பாதிப் பேர் ஓபர்ன்பால்தான் (அரசு ஓபரா அரங்கில் நடக்கும் நடன விருந்து) வேண்டும் என்று நிற்கிறார்கள். மீதிப் பேருக்கு அந்தச் செலவு தாங்காது. முக்கியமாகத் தெரிய வேண்டியது: எந்த விருந்துக்குச் சீட்டு வாங்கலாம்? பெண்கள் பட்டுச்சேலையில் ஆட முடியுமா? ஆண்களுக்குக் கோட்டு இங்கே தைப்பதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? பயிற்சி எப்போது தொடங்க வேண்டும், எதில் தொடங்க வேண்டும்? விசாவையும் சீட்டையும் எந்த வரிசையில் வாங்குவது?

வலச்சுற்று

தேதியிலிருந்து ஆரம்பியுங்கள், மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வியன்னா சீசன் நவம்பர் 11-ல் தொடங்குகிறது என்றாலும் பெரிய விருந்துகள் ஜனவரி, பிப்ரவரியில்தான். சாம்பல் புதனுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் நாள்) முந்தைய நாளோடு சீசன் முடிந்துவிடும். 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. அதனால் அந்த ஆண்டு சீசன் குறுகலானது. பொங்கல் முடிந்து மூன்றரை வாரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். பிப்ரவரிக் கடைசியில் போய்க்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இப்போதே மறுத்துவிடுங்கள்.

ஓபர்ன்பால் எப்போதும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழன், அதாவது 2027-ல் பிப்ரவரி 4. அரசு ஓபரா அரங்கின் இருக்கைகளைக் கழற்றி, மேடை மட்டத்துக்குத் தளம் போட்டு ஆடுவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் ஏறத்தாழ 5,000 பேர் வருகிறார்கள். திறப்பு விழா முடிந்து “அல்லெஸ் வால்ட்சர்!” (எல்லோரும் வால்ட்ஸ் ஆடலாம்) என்று அறிவித்ததும் மொத்தக் கூட்டமும் தளத்துக்கு இறங்கும். அடுத்த ஒரு மணி நேரம் சுற்றி ஆட இடமிருக்காது, நின்ற இடத்தில் அசையலாம். நுழைவுச் சீட்டு மட்டுமே தலைக்கு 400 யூரோ அளவில் வரும், உட்கார நாற்காலி அதில் சேராது. ஆண்களுக்கு வால் கோட்டு (பின்பக்கம் வால் போல நீண்டு தொங்கும் கோட்டு) கட்டாயம், வால் இல்லாத டக்சீடோவில் போனால் வாசலோடு சரி. ஆடுவதற்காகப் பயணம் செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கணக்குக்கு இரண்டு விருந்துகள் பொருந்தும், இரண்டும் ஹோஃப்பூர்க் அரண்மனையில். ஒன்று யூரிஸ்டன்பால், வழக்குரைஞர்கள், நீதிபதிகள் வட்டத்தின் விருந்து. வழக்கமாக அந்தக் கடைசி வாரத்துச் சனிக்கிழமை நடக்கும், 2027-க்கு அது பிப்ரவரி 6. வழக்குரைஞராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கலாம். மற்றொன்று ருடோல்ஃபினா ரெடூட்டெ, திங்கட்கிழமை, பிப்ரவரி 8. அதில் பெண்கள் நடு இரவு வரை முகமூடி அணிந்திருப்பார்கள். அதுவரை நடனத்துக்கு அழைக்கும் உரிமை பெண்களுக்கு மட்டுமே. 9 பெண்கள், 5 ஆண்கள் என்ற கூட்டத்துக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு அந்த ஊரில் இல்லை. வேறெந்த விருந்திலும் உங்கள் நான்கு பெண்கள் மேசையில் உட்கார்ந்து கைப்பையைக் காவல் காப்பார்கள். இங்கே அவர்களே எழுந்து போய் அழைக்கலாம், மறுப்பது அழகல்ல என்பது அங்கே ஆண்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமைக்குக் கூடுதல் துணை வேண்டுமென்றால் டாக்ஸி டான்ஸர் என்று மணிக் கணக்கில் அமர்த்திக்கொள்ளும் வழக்கம் வியன்னாவில் உண்டு. சில விருந்துகளில் அமைப்பாளர்களே நடனத் துணைவர்களை நிறுத்தியிருப்பார்கள். மின்னஞ்சலில் முன்கூட்டிக் கேளுங்கள். பெண்ணும் பெண்ணும் சேர்ந்து ஆடினால் யாரும் தடுக்கப் போவதில்லை. அதை இயல்பாகவே வைத்து நடத்தும் விருந்து வேண்டுமென்றால் ரேகன்போகன்பால் (வானவில் விருந்து) இருக்கிறது.

பிப்ரவரி 2 செவ்வாய் போய்ச் சேர்ந்து, 10 புதன் கிளம்பினால் இரண்டும் அடங்கும். ஓபரா மோகம் உள்ளவர்கள் அங்கே ஒரு சாதாரண இரவில் நிற்குமிடச் சீட்டு எடுத்து அரங்கைப் பார்த்துவிடட்டும், அது விலை குறைவுதான். ஆனால் ஓபர்ன்பாலை ஒட்டிய நாட்களில் வேண்டாம். தளம் போடுவதற்காக அரங்கத்தை அந்த நாட்களில் மூடிவிடுவார்கள்.

டிசம்பர் 31 ஹோஃப்பூர்க் விருந்தை யாராவது கிளப்பக்கூடும். பெரும்பாலும் விருந்துச் சாப்பாட்டோடு சேர்த்து விற்பதால் விலை அதிகம், நம் ஊரில் மார்கழி சபா சீசனோடும் மோதும்.

ஊசிநூல்_மயிலை

உடுப்பு பத்தி நான் சொல்றேன், தையல் என் தொழில்.

சேலை கட்டலாம். பெண்களுக்கு அவங்க கேக்கறது தரையைத் தொடுற நீள மாலை உடை. முழங்காலுக்குக் கீழே நிக்கிற கவுனைத்தான் வாசல்ல திருப்பி அனுப்புவாங்க. பட்டுச்சேலை அந்த நீளக் கணக்குல சுகமா வந்துடும். இருந்தாலும் ரெண்டு விருந்துக்கும் முன்கூட்டி மெயில் போட்டுக் கேட்டு, பதிலை போன்ல வெச்சுக்கோங்க. நிறத்துல ஒண்ணே ஒண்ணு கவனிங்க: வெள்ளை, தந்த நிறம், கேரளா செட்டு, க்ரீம் பட்டு, இது எதுவும் வேண்டாம். திறப்பு விழாவுல ஆடுற இளம்பெண்களுக்குத்தான் வெள்ளை. விருந்தாளி வெள்ளையில வந்தா அது குறையாத்தான் படும்.

ஆனா கட்டுற விதத்தை மாத்தணும். வால்ட்ஸ் பிடியில ஆணோட வலது கை, பெண்ணோட இடது தோள்பட்டை எலும்பு மேல இருக்கும். நம்ம முந்தானை தொங்குறதும் அதே இடத்துலதான். சுத்த ஆரம்பிச்சதும் அவர் கை முந்தானையை அழுத்தும், உடம்பு திரும்பும், தோள்ல குத்தின பின் பட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். குஜராத்திக் கட்டு மாதிரி முந்தானையைப் பின்னாலிருந்து வலது தோள் வழியா முன்னால கொண்டு வாங்க. இடது முதுகு முழுக்கக் காலியாயிடும். வழக்கமான கட்டுதான் வேணும்னா, முந்தானையைச் சின்ன மடிப்பா மடிச்சு, முதுகு வழியா சுத்தி வலது இடுப்புல செருகி, உள்பக்கமா ஒரு பின் குத்துங்க.

கீழே அதைவிட முக்கியம். மெர்மெய்ட் பாவாடைன்னு விக்கிற இறுக்கமான இன்ஸ்கர்ட்டைத் தொடவே கூடாது, காலைப் பின்னால வைக்க விடாது. அடியில நல்லா விரியிற பருத்திப் பாவாடை. ஆடப் போற செருப்பைப் போட்டுக்கிட்டு, சேலை விளிம்பு தரையிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. மேலே நிக்கிற மாதிரி கட்டுங்க. கொசுவத்தை இடுப்புல ஒரு பின், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே உள்பக்கமா இன்னொரு பின். அதுக்குக் கீழே பின் குத்தினா காலடி அகலம் போயிடும். பின்னால போற காலடியிலதான் குதிகால் கொசுவத்தை மிதிக்கும், முன்னால போறப்ப ஒண்ணும் ஆகாது. அதனால பின்னடியை மட்டும் சேலையோட இருபது முறை ஆடிப் பாக்கச் சொல்லுங்க. கனமான காஞ்சிபுரத்தைவிட மென்பட்டு நல்லது. இதெல்லாம் தொல்லைன்னு நினைக்கிறவங்க அகலக் கொசுவம் வெச்ச லெஹங்கா தைச்சுக்கட்டும், சுத்தும்போது அதோட அழகே தனி. கேன்-கேன் (விரைப்பான வலைத்துணி) மட்டும் உள்ளே ஒரு அடுக்குக்கு மேல வேண்டாம், துணையோட கால் அதுல சிக்கும்.

கண்ணாடி வளையல், கொத்துக் கொலுசு, தலையில மல்லிகைச் சரம் மூணும் கூடாது. வளையல் உடையும், கொலுசு துணையோட கால்சட்டையை இழுக்கும். மல்லிகை உதிர்ந்து மெழுகு போட்ட மரத்தரையில நசுங்குச்சுன்னா அடுத்து வர்ற ஜோடி வழுக்கி விழும்.

ஆண்களுக்கு: சீட்டுல ‘ஃப்ராக்’ மட்டும் போட்டிருந்தா வால் கோட்டு. ‘ஸ்மோக்கிங்’ சேர்த்துப் போட்டிருந்தா கறுப்பு டக்சீடோ, கறுப்பு வில் டை போதும். வழக்கமான நீள டை கட்டினா டக்சீடோவோட கதையும் முடிஞ்சுது. வால் கோட்டுக்கு வெள்ளை பிக்கே (புடைப்பு நெசவுத் துணி) வெயிஸ்ட்கோட், வெள்ளை வில் டை, இறக்கைக் காலர் சட்டை, பக்கத்துக்கு ரெண்டு பட்டை வெச்ச கால்சட்டை. இதை இங்கே தைக்கச் சொல்ல மாட்டேன். நம்ம டெய்லருங்க கல்யாண கோட்டுல கெட்டிக்காரங்க, ஆனா அந்தக் கால்சட்டை இடுப்புக்கு மேலே, தொப்புள் உயரத்துல நிக்கணும். இங்கே வழக்கமா தைக்கிற இடுப்பளவுல தைச்சா, வெயிஸ்ட்கோட்டுக்குக் கீழே வெள்ளைச் சட்டை ஒரு விரல்கடை எட்டிப் பாக்கும். வெயிஸ்ட்கோட்டும் கோட்டோட முன்விளிம்புக்குக் கீழே தெரியக் கூடாது. வியன்னாவுல ஃப்ராக் வாடகைக்குக் குடுக்கிற கடைங்க இருக்கு. உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம் முன்னாடியே அனுப்பி வெச்சு, போன மறுநாளே போட்டுப் பாருங்க. அந்த வாரத்துல நடுத்தர அளவெல்லாம் சீக்கிரம் தீர்ந்துடும்.

டக்சீடோ இங்கேயே தைக்கலாம். டெய்லர்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க: அக்குள் வெட்டு உயரமா இருக்கணும். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடிச்சுத்தான் ட்ரையல் பாக்கணும். அக்குள் இறங்கியிருந்தா, கையைத் தூக்கினதும் மொத்தக் கோட்டும் காது வரைக்கும் ஏறும். மெரூன், நீல சாட்டின், பூ வேலை எல்லாம் ரிசப்ஷனுக்கு வெச்சுக்கட்டும். பந்த்கலா சில விருந்துல தேசிய உடைன்னு ஏத்துப்பாங்க, கேட்டுட்டுப் போகணும். பட்டு வேட்டியில வியன்னீஸ் வால்ட்ஸ் ஆடலாமான்னு யாராவது கேட்டா, கேட்டவரையே முதல்ல ஆடிக் காட்டச் சொல்லுங்க.

பெரம்பூர்_ஃபாக்ஸ்ட்ராட்

தம்பி, பயிற்சியைப் பத்திப் பேசுவோம். பெரம்பூர், பரங்கிமலைப் பக்கம் ஆடுறவங்க எல்லாருக்கும் இருக்கிற அதே சிக்கல்தான் உங்களுக்கும் வரும்: ஸ்லோ வால்ட்ஸ் கை வந்திருக்கும், அதையே வேகமா ஆடினா வியன்னீஸ்னு நினைச்சுடுவாங்க. அது நடக்காது. ஸ்லோ வால்ட்ஸ் நிமிஷத்துக்கு 28 முதல் 30 பார் (மூணு தட்டு சேர்ந்தது ஒரு பார்). வியன்னீஸ் 58 முதல் 60. ஏற்ற இறக்கத்துக்கு நேரமே கிடையாது. பாதம் தரையை விட்டு எழும்பாம வழுக்கிப் போகணும்.

கணக்கு எளிது. தகிட, தகிட. ஒரு தகிடவுக்கு அரைச் சுற்று, ரெண்டுக்கு முழுச் சுற்று. வலச்சுற்றுல ஆணுக்கு: வலது கால் முன்னே, இடது பக்கவாட்டுல, வலது சேரும். அடுத்த பார்ல இடது கால் பின்னே, வலது பக்கவாட்டுல, இடது சேரும். பெண்ணுக்கு ரெண்டாவது பார்ல ஆரம்பிச்சு அதே வரிசை. தப்பு நடக்கிற இடம் அந்தப் பின்னடி. பின்னால போறவர் உள்வட்டத்துல இருக்கார், அவர் அடி சின்னதா இருக்கணும், துணை தன்னைக் கடந்து போக வழி விடணும். பின்னடியை நீட்டிப் போட்டா ஜோடி சுற்றாது, கோணல்மாணலா ஹால் நடுவுக்குப் போயிடும்.

இடச்சுற்று இல்லாம கிளம்பாதீங்க. ஆணுக்கு இடது முன்னே, வலது பக்கவாட்டுல, இடது கால் வலதுக்கு முன்னால குறுக்கே பூட்டும். பிறகு வலது பின்னே, இடது பக்கவாட்டுல, வலது சேரும். குறுக்கே பூட்டுறது முன்னால போறவங்களுக்கு மட்டும்தான். பின்னால போறவங்க காலைச் சேர்த்தா போதும். பல பேர் ரெண்டு பார்லயும் பூட்டித் தடுக்கி விழுவாங்க.

தலைசுற்றல் பத்தி நிச்சயம் கேப்பீங்க. உள்காதுல இருக்கிற திரவம், உடம்பு நின்ன பிறகும் ஓடிக்கிட்டிருக்கும், அதுதான் காரணம். தனியா சுத்தும்போது ஒரு புள்ளியைப் பாத்துத் தலையைத் திருப்புற உத்தி இந்தப் பிடியில உதவாது, தலையைத் திருப்பினா பிடி உடையும். துணையோட வலது தோளுக்கு மேலே பார்வையை மெத்துன்னு ஓட விடணும், எதையும் உத்துப் பாக்கக் கூடாது. நாலு வலச்சுற்று, ஒரு சேஞ்ச் (சுற்றுற திசையை மாத்துற அடி), நாலு இடச்சுற்று, மறுபடி ஒரு சேஞ்ச். இப்படி மாத்தி மாத்திப் போனா தலை தாங்கும். தினமும் பத்து நிமிஷம் போதும், ஆனா தினமும் வேணும். வாரக் கடைசியில மட்டும் ரெண்டு மணி நேரம் ஆடுறதுல இந்தப் பழக்கம் வராது.

உங்க கூட்டத்துல பரதம் ஆடினவங்க இருந்தா அவங்களைத் தனியா கவனிங்க. தாளம் பிரச்சினையே இல்லை, பாதம்தான். அரைமண்டிப் பழக்கத்துல பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிக்கும். வால்ட்ஸ்ல ரெண்டு பாதமும் இணையா நேரே போகணும், ஒருத்தர் கால் இன்னொருத்தர் கால்களுக்கு நடுவுல நுழையணும். வெளிப்பக்கம் திரும்பின பாதம் துணையோட கணுக்கால்லதான் போய் இடிக்கும். தட்டி வைக்கிற பழக்கமும் போகணும்.

ஆகஸ்ட்ல ஆரம்பிங்க. பாட்டை 42 பார் வேகத்துக்குக் குறைச்சு வெச்சு, வாரம் ஒண்ணு ரெண்டா ஏத்திட்டுப் போங்க. நவம்பர்க் கடைசியில முழு வேகம் வந்துடும். அப்புறம் மெட்ரோனோம் மாதிரி ஒரே சீரா போற பயிற்சிப் பாட்டை நிறுத்திட்டு, வியன்னா இசைக்குழு வாசிச்ச பதிவுகளைப் போடுங்க. ரெண்டாவது தட்டை அவங்க இம்மியளவு முன்கூட்டியே வாசிப்பாங்க, நடு நடுவுல வேகத்தை இழுத்துப் பிடிப்பாங்க. ‘நீல டான்யூப்’ மாதிரி வால்ட்ஸ்ல முன்னுரையே ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடும், அதுல ஆட ஆரம்பிச்சா நடுத்தளத்துல நீங்க மட்டும் நிப்பீங்க.

இடம்: கிரானைட், மொசைக் வேண்டாம், முழங்கால் போயிடும். மர பாட்மின்டன் கோர்ட்டை மணிக் கணக்குல கேட்டுப் பாருங்க, சூயிட் (சொரசொரப்பான மென்தோல்) அடிப்பாகம் வெச்ச ஷூவுக்கு அவங்க மறுப்பு சொல்றதில்லை. நம்ம ஊர் ஈரப்பதத்துல சூயிட் சீக்கிரம் வழவழன்னு ஆயிடும், கம்பி பிரஷ்ஷால வாரத்துக்கு ஒரு தரம் தேய்க்கணும். டிசம்பர்ல வேணும்னே ஹாலைக் கயிறு கட்டிப் பாதியாக்கி, ஏழு ஜோடியையும் அதுக்குள்ளே ஆட விடுங்க. ஹோஃப்பூர்க்ல கிடைக்கப் போறது அந்த இடம்தான். ஓட்டம் எப்பவும் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. திணறுறவங்க, மெதுவா ஆடுறவங்க நடுவுக்கு வந்துடணும். வெளி ஓரத்துல நின்னா பின்னால வர்றவங்க மோதுவாங்க.

அப்புறம் நடு இரவுக் குவாட்ரில். பெரும்பாலும் இரண்டாம் யோஹான் ஷ்ட்ராஸோட ‘ஃப்ளெடர்மவுஸ்’ குவாட்ரில்தான் வாசிப்பாங்க. ஆறு பகுதி: பந்தலோன், எத்தே, பூல், த்ரெனி, பாஸ்தூரெல், ஃபினாலே. நம்ம கோலாட்ட வரிசை மாதிரி ஜோடிங்க எதிரெதிரா ரெண்டு நீள வரிசையில நிப்பாங்க, பெண் எப்பவும் ஆணுக்கு வலப்பக்கம். ஒருத்தர் மைக்ல சொல்லிக்கிட்டே இருப்பார், சொல்றது ஜெர்மன்ல, அசைவுகளோட பேரு மட்டும் பிரெஞ்சுல. அனவான் முன்னே, அனாரியேர் பின்னே, த்ரவெர்சேன்னா எதிர்ப்பக்கம் கடந்து போறது, தூர் த மேன்னா கை பிடிச்சு ஒரு சுற்று. இந்த நாலு கட்டளை காதுல பதிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. கடைசிப் பகுதி திருப்பித் திருப்பி வரும், ஒவ்வொரு தரமும் வேகம் கூடும், நாலாவது தரத்துல வரிசையே இருக்காது, சிரிச்சுக்கிட்டே ஓடுவாங்க, கலோப்போட (குதிரைப் பாய்ச்சல் மாதிரியான வேக ஆட்டம்) முடியும். அங்கே தப்பு பண்றது குத்தமில்லை, ஊர்க்காரங்களே பண்ணுவாங்க. ஆனா நாலு ஜோடியாவது இங்கே சேர்ந்து ஆடிப் பாத்துட்டுப் போனா எதிர் வரிசைக்குத் தொந்தரவு இருக்காது. பெண்கள் அதிகமா இருக்கீங்க, ரெண்டு பேர் ஆண் பக்கத்தையும் கத்துக்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும் புதன் அல்லது வியாழன் ஒரு வகுப்பு வெச்சுக்கோங்க. எல்மாயர் 1919-லேருந்து நடக்கிற நடனப் பள்ளி, சீசன்ல வெளியூர்க்காரங்களுக்கும் அங்கே இடம் உண்டு. அந்த ஊர் ஆட்களோட பிடி எப்படி இருக்கும்னு உடம்புக்குத் தெரிஞ்சுடும்.

திஸ்ரநடை_தரமணி

அங்கிள், ஊசிநூல் அக்கா, வலச்சுற்று, மூவருக்கும் நன்றி. ஓபர்ன்பால் கட்சி ஏறக்குறைய கலைந்துவிட்டது, ரெடூட்டெயைக் கேட்டதும் பெண்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இரண்டு கேள்விகள் மிச்சம். 26 வயதுப் பெண் ஒருவர் திறப்பு விழாவில் வெள்ளை உடுத்தி ஆட முடியுமா என்று கேட்கிறார். விசா கிடைக்கும் முன்பே 14 சீட்டுக்குப் பணம் கட்டுவது பயமாக இருக்கிறது.

கவுன்ட்டர்_7

திறப்புக் குழுவுக்கு வயது வரம்பு உண்டு. ஓபர்ன்பாலில் 17 முதல் 24 வரை. மற்றவை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஜோடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், இடச்சுற்று தெரிந்திருக்க வேண்டும், பல நாள் ஒத்திகைக்கு அங்கே இருக்க வேண்டும். ஒன்பது நாள் பயணத்தில் நடக்கிற காரியமில்லை.

விசா வரிசை இதுதான். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தபட்சம் 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வாசல் திறந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் முடித்துவிடுங்கள். டிசம்பரில் போனால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. முடிவு வர 15 நாள் என்பது பொது விதி, கூடுதலாக விசாரித்தால் 45 நாள் வரை இழுக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கியதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் உயிரோடும், இரண்டு வெற்றுப் பக்கத்தோடும் இருக்க வேண்டும். 61 வயதுக்காரரின் பாஸ்போர்ட்டை முதலில் வாங்கிப் பாருங்கள், பழைய பாஸ்போர்ட்டில்தான் இந்தச் சிக்கல் வரும்.

கூட்டமாகப் போனாலும் விண்ணப்பம் ஆளுக்கு ஒன்று. ஆனால் 14 பேரின் முகப்புக் கடிதத்திலும் தேதி, தங்குமிடம், விருந்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒருவர் 9 இரவு, இன்னொருவர் 8 இரவு என்று எழுதினால் அதிகாரிக்கு அது முரணாகத் தெரியும். புடாபெஸ்ட், ப்ராக் சேர்க்க ஆசைப்பட்டால் அதிக இரவுகள் வியன்னாவில் இருக்கும்படி பாருங்கள். ஆஸ்திரியாவிடம் விசா கேட்டுவிட்டு வேறு நாட்டில் கூடுதல் நாள் காட்டினால் மறுப்புக்கு அதுவே காரணமாகும்.

சீட்டுப் பயத்துக்கு என் யோசனை: நுழைவுச் சீட்டும் மேசை இருக்கையும் தனித்தனியாக விற்கப்படுபவை. ஓபர்ன்பால் நீங்கலாக, பெரிய விருந்துகள் பலவற்றில் நுழைவுச் சீட்டு 100 முதல் 200 யூரோவுக்குள் இருக்கும், இருக்கை அதற்கு மேல். விற்பனை பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் தொடங்கும். முதலில் தீருவது மேசைதான். அதனால் விசா முடிவுக்கு முன் ஒரு பெரிய மேசையை மட்டும் பிடித்துவிடுங்கள், 14 பேருக்கும் நாற்காலி வேண்டாம். எட்டு இருக்கை போதும், ஆடுகிறவர்கள் பாதி நேரம் தளத்தில்தான் இருப்பார்கள். மேசையே இல்லாமல் போவது மட்டும் தவறு, ஏழு மணி நேரம் நிற்க 61 வயதுக் காலுக்கு முடியாது. நுழைவுச் சீட்டை விசா வந்த பிறகு வாங்கலாம். வாங்கியதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விமானத்துக்குச் சென்னையிலிருந்து நேரடிச் சேவை கிடையாது. தோஹா, துபாய், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகலாம். பத்துப் பேருக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் குரூப் பிரிவில் கேளுங்கள். முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துவிட்டு, பெயர்களைப் பிறகு கொடுக்கலாம். விலை எப்போதும் குறைவாக இருக்கும் என்பதில்லை, அந்த அவகாசம்தான் லாபம். ஃபிராங்க்ஃபர்ட் வழி போனால் ஷெங்கன் நுழைவு அங்கேயே நடக்கும். புதிய நுழைவு முறையில் முகப்படம் எடுத்துப் பதிவு செய்வார்கள், 14 பேருக்கும் நேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இணைப்பை எடுக்காதீர்கள்.

பணம் வசூலில் ஒரு விதியை இப்போதே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்: விலகுகிறவர் தன் மேசைப் பங்கையும், அறையில் கூடத் தங்குபவருக்கு ஏறும் செலவையும் தரவேண்டும். ஜோடியில் ஒருவர் விலகினால் மற்றவரும் விலகுவார் என்பதுதான் நடனக் குழுவில் நடக்கும், கணக்கு இரட்டையாகக் கிழியும்.

வலச்சுற்று

இரவைப் பற்றி யாரும் எழுதவில்லை, சேர்த்துவிடுகிறேன்.

வியன்னா மெட்ரோ வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும். யூரிஸ்டன்பால் முடிந்து அதிகாலை நாலரைக்கு அதிலேயே திரும்பலாம். திங்கள் இரவு ஓடாது. ரெடூட்டெ முடிந்ததும் இரவுப் பேருந்து அல்லது டாக்ஸிதான். ஹோட்டலை ஹோஃப்பூர்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் எடுக்க முடியாவிட்டால், திங்கள் ஒரு இரவுக்காக நாலு டாக்ஸிப் பணத்தை இப்போதே பொதுச்செலவில் எழுதுங்கள்.

பிப்ரவரியில் வெளியே பூஜ்ஜியத்தைச் சுற்றித்தான் இருக்கும், உள்ளே கூட்டத்தில் வியர்க்கும். கனமான மேல்கோட்டும் குளிர் பூட்ஸும் போட்டுக்கொண்டு போய், நடன ஷூவைத் துணிப்பையில் எடுத்துச் செல்லுங்கள். சூயிட் அடி பனியில் ஒரு தடவை நனைந்தால் அன்றைய இரவுக்கு உதவாது. கோட்டு வைக்குமிடத்தில் உருப்படிக்கு இத்தனை என்று வாங்குவார்கள், சில்லறை யூரோ நாணயம் ஆளுக்குக் கொஞ்சம் வேண்டும். மேல்கோட்டையும் பூட்ஸ் பையையும் ஒரே உருப்படியாகக் கட்டிக் கொடுங்கள். அதிகாலை வரிசை நீளம், கடைசிப் பாட்டுக்கு முன்பே ஒருவரை எல்லா டோக்கனோடும் அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம்.

சைவர்கள் ஏழு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும். உள்ளே கிடைப்பது பெரும்பாலும் சாஸேஜ், குலாஷ் சூப், சிறு ரொட்டித் துண்டுகள், விலையும் கூடுதல்தான். குலாஷ் மாட்டிறைச்சி. சீஸ் ரொட்டி, கேக் கிடைக்கும், இரவு முழுக்க அதில் ஓட்ட முடியாது. வெளிச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போக விடமாட்டார்கள். ஆடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும், நிறைந்த வயிற்றோடு இடச்சுற்று ஆடினால் அங்கிள் சொன்ன தலைசுற்றல் இரட்டிப்பாகும்.

ரெடூட்டெ முகமூடியை இங்கேயே செய்துகொண்டு போங்கள். கண்ணை மட்டும் மறைக்கும் அரை முகமூடி போதும். கைப்பிடி வைத்தது வேண்டாம், ஒரு கை அதிலேயே போய்விடும். ரிப்பன் அல்லது எலாஸ்டிக் வைத்தது வாங்குங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் லென்ஸ் பழகிக்கொள்ள டிசம்பரிலேயே தொடங்க வேண்டும், கண்ணாடிக்கு மேல் முகமூடி போட்டால் முதல் சுற்றிலேயே ஆவி படியும்.